சவர்க்காரம் வைத்த துளை

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற அந்த வருடம், எங்கள் பக்கத்துப் பெரிய உழவு மிசின்கள் எல்லாம் டீசல் இல்லாமல் படங்கு போர்த்திக்கொண்டு நின்றன. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. விதைப்புக்குக் கடைசி நாள் எது என்றும் விவசாயிகள் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிந்தி விதைக்கிறவனுக்குக் கதிர் முற்றுகிற நேரத்தில் குளத்தில் தண்ணீர் இருக்காது. எருமையை விட்டு மிதிக்கலாம் என்றால் எருமை வைத்திருந்தவர்கள் எப்போதோ விற்றுவிட்டார்கள். அதனால்தான் பத்து வருடமாகக் கோழி அடைந்து கிடந்த அந்தப் பழைய மிசின் வெளியே வந்தது.

சின்ன மிசின். சாம்பல் நிறம். டீசலில் அல்ல, பெற்றோலில் ஓடுவது. அதன் சொந்தக்காரருக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டையில் இரண்டரை ஏக்கர் வயல். மிசினுக்குப் பெற்றோல் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதி வாங்கி, இரண்டு நாள் வரிசையில் நின்று, ஒரு கலன் நிறையப் பெற்றோல் கொண்டு வந்தார். அடுத்த கலன் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு கலன் அவருடைய இரண்டரை ஏக்கருக்கும் மட்டுமட்டாகக் காணும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒரு கராஜில் சாமான் கழுவிக் கழுவி, பார்த்துப் பார்த்துப் பழகிய கை என்னுடையது. யாரும் உட்கார்த்திச் சொல்லித் தந்ததில்லை. சந்தியில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு கொட்டில் போட்டு, லேசான மிசின் வேலைகள் செய்துகொண்டிருக்கிறேன். தனியே விட்டால் வேலை நன்றாக ஓடும். ஆட்கள் சுற்றி நின்று பார்த்தால் கை ஓடாது. ஸ்பனர் நழுவும், கழற்றிய ஆணி எங்கே வைத்தேன் என்று தெரியாது. இது சின்ன வயதிலிருந்து உள்ளது. இப்போது தலை நரைத்த பிறகும் அது போகவில்லை.

மிசின்காரர் கூப்பிட்டு அனுப்பியபோது நான் ஒரு நல்ல நாளில் போகவில்லை. பத்து வருடம் கிடந்த மிசின் கிளம்பப் போகிறது என்று அயல் ஆட்கள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். மிசின் கிளம்பியது. கிளம்பிய சந்தோஷத்தில் எல்லாரும் கதைத்துக்கொண்டிருக்க, அதன் வயிற்றுப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விழுவதை மிசின்காரர்தான் முதலில் கண்டார். அந்த நாட்களில் ஒரு சொட்டுப் பெற்றோல் மண்ணில் விழுந்தால் பார்க்கிறவனுக்கு நெஞ்சு பதறும்.

நான் கீழே குனிந்து துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஈரம் எங்கே முதலில் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காபரேட்டரின் அடியில் காற்று உள்ளே போகிற வளைந்த குழாய் ஒன்று உண்டு. அந்தக் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை. நெருப்புக் குச்சியின் தலை அளவுதான் இருக்கும். அதிலிருந்துதான் விழுந்தது.

அந்தக் காபரேட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் ஒரு கிண்ணம் இருக்கிறது. கிண்ணத்தில் பெற்றோல் நிறைய நிறையப் பித்தளை மிதவை ஒன்று மேலே வரும். அது மேலே வந்து ஒரு ஊசியைத் தள்ளும். ஊசி போய்ப் பெற்றோல் வரும் வழியை அடைக்கும். ஊசி சரியாக அடைக்காவிட்டால் பெற்றோல் நிற்காமல் வந்து, கிண்ணம் வழிந்து, காற்றுக் குழாய்க்குள் இறங்கும். ஆகவே துளையில் சொட்டினால் நோய் துளையில் இல்லை, உள்ளே இருக்கிறது. இது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

அவ்வளவும் தெரிந்த நான் ஏன் அதைத் திறக்கவில்லை? திறந்தால் ஒழுகாமல் நடுவில் வைத்திருக்கிற பெக்கிங் கடதாசி கிழிந்துவிடும், புதிதாக வாங்கக் கடைக்குப் போக அன்றைக்கு இனிப் பஸ் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்யல்ல. ஆனால் உண்மைக் காரணம் அந்த நாலைந்து பேர். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கத் திறந்து, பிறகு பூட்டத் தெரியாமல் நின்றால் என்ன செய்வது என்ற பயம். மிசின்காரர் வேறு என் முதுகுக்குப் பின்னால் நின்று, "தம்பி, கெதியாப் பாரு, விழுகுது, விழுகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பெற்றோல் தாங்கியில் வெடிப்பு வந்தால் சலவைச் சவர்க்காரத்தை அழுத்திவிடுவது எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற வேலை. பெற்றோலில் சவர்க்காரம் கரையாது. மிசின்காரரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவரிடம் ஒரு துண்டு கேட்டேன். கிணற்றடியில் இருந்த கட்டியில் கிள்ளிக் கொடுத்தார். அதை உருட்டித் துளையில் வைத்து, ஈர்க்குத் துண்டால் குத்தி இறுக்கினேன். சொட்டு நின்றது.

நின்றவர்கள் தலையாட்டினார்கள். மிசின்காரர் என் தோளில் தட்டி, இவன் கையில் மருந்து இருக்கிறது என்று எல்லாருக்கும் சொன்னார். போகும்போது ஒரு பையில் மரவள்ளிக் கிழங்கு கட்டித் தந்தார்கள். என்னை அப்படி ஆட்கள் முன்னால் யாரும் மெச்சியதில்லை. சைக்கிள் மிதித்து வரும்போது காது இரண்டும் சூடாக இருந்தது. அந்தத் துளையை மிசின் செய்தவன் ஏன் வைத்தான் என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

ஒரு கிழமை கழிந்திருக்கும். மிசின்காரர் கொட்டிலுக்கு வந்தார். பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தாங்கி மூடிக்கு ஒரு பூட்டுப் போட வேண்டும் என்று சொன்னார். ஒவ்வொரு இரவும் கிட்டத்தட்ட ஒரு போத்தல் பெற்றோல் குறைகிறதாம். பின்னேரம் வேலை முடிந்ததும் தாங்கிக்குள் ஈர்க்கு விட்டு அளந்து, நகத்தால் அடையாளம் வைக்கிறாராம். காலையில் அளந்தால் ஈரம் அடையாளத்துக்கு எட்டுவதில்லை. கீழே மண்ணைப் பார்த்தாராம், ஒரு சொட்டு இல்லை.

"ஒழுக்கு நீ அடைச்சதோட போயிற்று. இது கையால போறது" என்றார்.

யாருடைய கை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். மனைவியின் தம்பியைச் சொன்னார்.

அவனை எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குப் போகும். ஆண் பிள்ளை கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். இவனும் அப்படிப் போனான். மனைவி நோய் வந்து இறந்துபோனாள், பிள்ளையும் இல்லை. அந்த வீட்டில் இருக்க உரிமை இல்லாமல், தான் பிறந்த வளவுக்கே திரும்பி வந்தான். அது இப்போது அக்காவின் வீடு. வளவின் மூலையில் ஒரு குடில் போட்டு, வாவியில் வலை போட்டுப் பிழைத்தான். யாரும் போ என்று சொல்லவில்லை. ஆனால் இருக்கிற நிலத்தில் தனக்கு ஒரு பிடி மண்ணும் இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அது அவன் கதையில் எப்போதும் ஒரு பகிடியாக வரும்.

சந்தேகத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. ஊரில் எல்லாருடைய மோட்டார் சைக்கிளும் சுவரில் சாய்ந்து நின்றபோது அவனுடையது ஓடியது. ஒரு மூடி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓடவிடுவான். அது புகைத்துக்கொண்டு, இருமிக்கொண்டு ஓடும். அந்த வித்தையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

பூட்டுப் போடப் போனேன். பெற்றோல் தாங்கியில் வெல்டிங் நெருப்பு வைக்க முடியாது, அதனால் ஒரு தகட்டை வளைத்து மூடியின் மேலால் கொண்டுவந்து ஆணி முறுக்கிப் பூட்டு மாட்டினேன். அவன் தன் குடில் வாசலில் இருந்து வலைக்கண் கோத்துக்கொண்டே பார்த்தான்.

"மச்சான், நல்லா இறுக்கு. ராவையில பெற்றோல் எழும்பி நடந்து போகும்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. மிசின்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா உள்ளே போய்விட்டார். நானும் தலையைக் குனிந்து ஆணியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பூட்டுப் போட்டும் பெற்றோல் குறைந்தது. தாங்கியின் அடியில் மூடித் திறக்கிற டெப் பல வருடமாக இறுகி, திறந்தபடியே நின்றுவிட்டது. அதனால் குழாயைக் கழற்றி எடுக்கிறான் என்றார் மிசின்காரர். இரண்டரை ஏக்கரில் ஒன்றரைதான் உழுது முடிந்திருந்தது. மிச்சப் பெற்றோலில் மிச்ச வயல் முடியாது என்பது கணக்குப் பார்க்காமலே தெரிந்தது. அதன் பிறகு அவர் மைத்துனனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கதைப்பதெல்லாம் மனைவி மூலம்தான், அவன் பக்கத்தில் நின்றாலும்.

அப்போது வைகாசி. அம்மன் கோயிலில் வருடாந்தச் சடங்குக்குக் கதவு திறக்கிற நாட்கள். கதவு திறந்ததும் அவன் அம்மாளுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணட்டும், நான் எடுக்கவில்லை என்று சொல்லட்டும் என்று மிசின்காரர் மனைவியிடம் சொல்லிவிட்டார். களவு செய்யாதவனுக்கு அதில் என்ன பயம் என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். அவன் மாட்டேன் என்றுவிட்டான். எனக்கு அதை அக்காதான் சொன்னார். பூட்டுக்கு யாராவது கள்ளத் திறப்பு வெட்டியிருக்கிறார்களா பார் என்று மிசின்காரர் என்னை மறுபடி கூப்பிட்டிருந்த காலை அது. நான் சைக்கிளை நிறுத்த முன்பே அக்கா வேலிப் படலையில் வந்து நின்றார்.

"ஒரு பேணிப் பெற்றோலுக்கு அம்மாளக் கூப்பிட எனக்கு வெக்கமா இருக்கி எண்டுறான். அத்தானுக்கு அது கள்ளன்ட கதை. எனக்கு ரெண்டு பேர்ட வாயையும் பாக்க ஏலா தம்பி."

அவன் வாகரையில் ஒரு சிநேகிதனிடம் போகப்போவதாகச் சொன்னார். அங்கே கடல் தொழில் செய்கிறார்களாம், ஒரு ஆள் தேவையாம், அடுத்த நாள் பஸ்ஸில் போகிறானாம். போனால் திரும்பி வருவானா என்று கேட்டேன். அவர் வளவின் மூலையைக் காட்டினார். குடில் வாசலில் பார்த்தேன். வலை சுருட்டிக் கட்டியிருந்தது. உடுப்புப் பை ஒன்று அதன் மேலே இருந்தது.

பூட்டில் ஒன்றும் இல்லை. கள்ளத் திறப்புப் போட்ட கீறல் இல்லை. குழாயின் முடிச்சுகளில் பத்து வருட அழுக்கு அப்படியே இருந்தது. அதைக் கழற்றினவன் யாரும் இல்லை.

மிசின்காரர் சும்மா இருக்காமல், அவன் பெற்றோலை எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் கலந்து வைக்கிறானோ என்றும் தனக்குச் சந்தேகம் என்றார். ஏன் என்று கேட்டேன். காலையில் கிளப்பினால் கொஞ்ச நேரத்துக்குக் கரும்புகை அடிக்கிறதாம், பிறகு தெளிகிறதாம்.

காலையில் மட்டும் கரும்புகை. அந்தச் சொல் எனக்குள் எங்கேயோ போய் இடித்தது.

மிசின் கிணற்றடி மேட்டில், மூக்குச் சரிந்தபடி நின்றது. பெற்றரி செத்துப்போனதால் உருட்டித்தான் கிளப்புவார். அதற்காக எப்போதும் அப்படித்தான் நிறுத்துவார். காபரேட்டரிலிருந்து அந்த வளைந்த குழாய் முன்பக்கம் காற்று வடிகட்டிக்குப் போகிறது. வடிகட்டியின் அடியில் ஒரு கிண்ணம் உண்டு. காற்றில் வரும் தூசியைப் பிடிக்க அதில் கொஞ்சம் ஒயில் விட்டிருப்பார்கள். நான் குனிந்து அந்தக் கிண்ணத்தின் கொளுக்கியைத் தட்டினேன். கை வழுக்கியது. கிண்ணம் கழன்றதும் என் முழங்கை வரை பெற்றோல் ஊற்றியது.

மிச்சம் சிந்தாமல் கிண்ணத்தை நிமிர்த்திப் பிடித்தேன்.

ஊசி அடைக்காத பெற்றோல் ராத்திரி முழுக்க இறங்கியிருக்கிறது. வெளியே விழ ஒரு துளை இருந்தது. அதை நான் அடைத்துவிட்டேன். வெளியே வர வழியில்லாமல் சரிவில் ஓடி, முன்னால் இந்தக் கிண்ணத்தில் போய் நிறைந்திருக்கிறது. காலையில் கிளப்பியதும் எஞ்சின் அதை உறிஞ்சிக் கரும்புகையாக ஊதிவிட்டது. உழவுக்கு நேரமாகிறபோது கிண்ணம் காலி. மண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஒரு தரம் எஞ்சின் அந்தக் காற்றுக் குழாய்க்குள் நெருப்பைத் திருப்பித் துப்பியிருந்தால் மிசினோடு மிசின்காரரும் எரிந்திருப்பார்.

யாரும் இன்னும் பார்க்கவில்லை. மிசின்காரர் மிசினுக்கு மற்றப் பக்கத்தில் நின்று பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனதில் முதலில் வந்தது என்ன என்பதை மறைக்க விரும்பவில்லை. காபரேட்டரைக் கழற்றிக் கொட்டிலுக்குக் கொண்டுபோய், ஊசியைச் சரிசெய்து, சவர்க்காரத்தை எடுத்து எறிந்துவிட்டு, சும்மா துப்புரவாக்கினேன் என்று கொண்டுவந்து பூட்டிவிடலாம். பெற்றோல் நின்றுவிடும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது.

அப்போதுதான் அடுத்தது தெரிந்தது. நாளைக்கு அவன் போகிறான். நாளையோடு பெற்றோல் குறைவதும் நிற்கும். அதற்குப் பிறகு அவன் கள்ளன் இல்லை என்று அம்மாளே வந்து சொன்னாலும் இந்த ஊர் நம்பாது. நான் செய்கிற திருத்தமே அவனுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும்.

கிண்ணத்தில் மிஞ்சியதைச் சிந்தாமல் எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போனேன்.

"அண்ணன், பெற்றோல் களவு போகல்ல. இஞ்ச கிடக்கு."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அது ஒயில் என்றார். மோந்து பாருங்கள் என்று நீட்டினேன். மோந்தார். விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். முகம் மாறியது. காபரேட்டர் உள்ளே ஒழுகுகிறது என்று விளங்கப்படுத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா கிட்ட வந்தார். குடில் வாசலிலிருந்து அவனும் எழுந்து வந்து கொஞ்சம் தள்ளி நின்றான்.

மிசின்காரர் புத்தியுள்ள மனிதர். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்.

"ஒழுகினா கீழதானே விழ வேணும். ஏன் கீழ விழல்ல?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று பேர் என்பது எனக்கு ஒரு கூட்டம்.

"கீழ விழுற துளைய நான்தான் அடைச்சன்" என்றேன். "அண்டைக்குச் சவர்க்காரம் வச்சது. அது அடைக்கிற துளை இல்ல. அடைச்சது என்ட பிழை."

சொல்லிவிட்டு வாயால் மேலே விளக்கத் தெரியவில்லை. மிசினுக்குக் கீழே போய், ஒரு கம்பியை வளைத்து, காய்ந்து இறுகியிருந்த சவர்க்காரத்தைத் துண்டு துண்டாகத் தோண்டி எடுத்தேன். ஒரு டின்னை அடியில் வைத்தேன். எல்லாரும் குந்தியிருந்து பார்த்தோம். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு துளையின் வாயில் ஒரு ஈரம் மினுங்கியது. திரண்டது. விழுந்தது. அடுத்தது திரண்டது. டின்னின் அடியில் 'டக்' என்ற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

மிசின்காரர் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மைத்துனனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவும் இல்லை. கடைசியில் அவன்தான் கதைத்தான்.

"அப்ப அம்மாளுக்கு முன்னால சவர்க்காரத்தத்தான் கொண்டு போய் நிப்பாட்ட வேணும்."

அக்கா சிரிக்கத் தொடங்கி, அப்படியே அழுதார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

காபரேட்டரைக் கழற்ற முன் தாங்கியை வெறுமையாக்க வேண்டும். குழாய் விட்டு வாயால் உறிஞ்சிக் கலனுக்கு எடுக்க வேண்டும். எனக்குப் பெற்றோல் வாயில் பட்டால் குமட்டும். அவன் குழாயை என் கையிலிருந்து வாங்கினான்.

"இப்ப நான் களவெடுக்கிறன். எல்லாரும் நல்லாப் பாத்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு உறிஞ்சினான்.

அந்தப் பேச்சு மிசின்காரருக்கு எங்கே பட்டிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கலனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் குழாயைக் கலனுக்குள் விட்டபோது அது நழுவாமல் இருக்க ஒரு கையால் குழாயையும் பிடித்தார். இரண்டு பேருடைய கையும் ஒரே குழாயில் இருந்தன. பெற்றோல் இறங்கி முடியும் வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

அதன்பின் நடந்த வேலையில் எனக்குக் கை நன்றாக ஓடியது. ஏனென்று தெரியாது. இதற்கு மேல் வெட்கப்பட ஒன்றும் மிச்சமில்லை என்பதாலோ என்னவோ. கிண்ணத்தைத் திறந்தேன். நான் பயந்தபடியே பெக்கிங் கடதாசி கிழிந்தது. ஊசியை எடுத்துப் பார்த்தேன், தேய்மானம் இல்லை. ஊசி போய் இருக்கிற இடத்தைத் துணியால் துடைத்து, வாயால் ஊதிப் பார்த்தேன், சுத்தம். அப்படியானால் மிதவைதான். பித்தளை மிதவையை எடுத்து ஆட்டினேன். உள்ளே பெற்றோல் சலசலத்தது. மிதக்க வேண்டியது தண்ணீர் குடித்த குடம் மாதிரிப் பாரமாகிக் கீழேயே கிடந்தால் ஊசியை யார் தள்ளுவது?

ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அக்காவிடம் சுடுதண்ணீர் கேட்டேன். அடுப்பிலிருந்து தூரத்தில், முற்றத்தில் சட்டியை வைத்து, மிதவையை அதில் அமுக்கினேன். பொருத்தின் ஓரத்திலிருந்து குமிழி நூல் மாதிரி எழும்பியது. அந்த இடத்தில் ஆணியால் ஒரு கீறு போட்டேன். உள்ளே இருந்த பெற்றோல் எல்லாம் ஆவியாகிப் போகும் வரை சூட்டில் வைத்து வைத்து எடுத்தேன். ஆட்டினால் சத்தம் கேட்காமல் போன பிறகுதான் ஈயம் வைத்தேன். அவன் குறட்டில் மிதவையைப் பிடித்தான். ஈயம் கூடிவிட்டால் மிதவை பாரமாகி, பழைய கதையே திரும்பவும் வரும். கூடித்தான் போனது. அரத்தால் ராவிக் குறைத்தேன்.

பெக்கிங்குக்குக் காலண்டர் மட்டை கேட்டேன். அக்கா கொண்டுவந்து, தராமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதில் பிள்ளையார் படம் இருந்தது. மேல்பக்கம் தொடமாட்டேன், தாள் தைத்திருந்த அடிப்பக்கத்தில்தான் வெட்டுவேன் என்று சொன்ன பிறகு தந்தார்.

எல்லாம் பூட்டி, தாங்கியில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, துளைக்குக் கீழே டின்னை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. டின் காய்ந்து கிடந்தது. கிளப்பும்போது இரண்டு சொட்டு விழுந்தது. அது விழ வேண்டியது, மிஞ்சிய பெற்றோல் வெளியே போகத்தான் அந்தத் துளை இருக்கிறது என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்குக் குரல் வந்தது.

மிசின்காரர் என்னைப் படலை வரை கூட்டிக்கொண்டு வந்தார்.

"நீ அண்டைக்கே துறந்து பாத்திருக்கலாம் தம்பி" என்றார்.

"ஓம் அண்ணன்."

"நானும் அவனக் கேக்க முதல் மிசினக் கேட்டிருக்கலாம்" என்றார். அதைச் சொல்லும்போது சத்தம் குறைந்துவிட்டது. இதை என்னிடம் சொல்லி என்ன, அவனிடம் சொல்லுங்கள் என்று எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் சொல்ல வெட்கப்படுகிறவனை எனக்குத் தெரியாதா?

அவன் போகிற எண்ணத்தை விடவில்லை. வாகரைக்கு வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது, வாக்கு மாற ஏலாது என்றானாம். பை கட்டினபடியே இருந்தது.

அடுத்த நாள் காலை நான் கொட்டிலில் ஒரு நீர்ப் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். டீசல் இல்லாததால் அந்தப் பாதையில் நாளுக்கு ஒரு பஸ்தான். தூரத்தில் மிசின் சத்தம் கேட்டது. சுத்தமான சத்தம், இருமல் இல்லை. பார்த்தால் மிசின்காரர் ஓட்டி வருகிறார். சில்லுக்கு மேலே உள்ள தகட்டில் அவன் இருக்கிறான், மடியில் பை, காலடியில் வலை. பஸ் நிற்கிற இடத்தில், மரநிழலில் மிசினை நிறுத்தினார்கள். அவர்கள் வளவிலிருந்து சந்திக்கு நல்ல தூரம். அவ்வளவு தூரம் ஓடினால் எவ்வளவு பெற்றோல் போகும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வயல் இன்னும் ஒரு ஏக்கர் மிச்சம் கிடந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு அவரும் அவனோடு காத்திருந்தார். இறங்கவில்லை. அவர் இருக்கையில், அவன் தகட்டில். முதலில் இருவரும் பாதையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு மிசின்காரர் ஏதோ சொல்வது தெரிந்தது. அங்கிருந்து எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் நெடுநேரம் கதைத்தார். கதைக்கும்போது ஸ்டியறிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வலையின் ஒரு முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். ஒரு இடத்தில் அவன் சிரித்த மாதிரி இருந்தது. நான் தலையைக் குனிந்து பம்பைப் பார்த்துக்கொண்டேன்.

பஸ் வந்தது. ஆட்கள் வாசலில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள், ஒரு கிழவி கோழிக் கூடையோடு ஏறினாள். கண்டக்டர் மிசினைப் பார்த்து ஏறுகிறீர்களா என்று கையால் கேட்டான். அவன் எழும்பவில்லை. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் இறங்கிப் பாதையைக் கடந்து என் கொட்டிலுக்கு வந்தான். பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, புழுதி இன்னும் அடங்காத பாதையைப் பார்த்தபடி சொன்னான்.

"பஸ் வரல்ல மச்சான்."

"ஓம்" என்றேன். "இண்டைக்கு வரல்ல."